அப்படி ஒரு பெண் இல்லை

ஆகஸ்ட் ஐந்தாம் தேதி, திங்கட்கிழமை. ஆண்டை வேண்டுமென்றே விட்டுவிடுகிறேன். காலை ஐந்தரைக்கு எழுந்து, புதுச்சேரிக் கடற்கரையில் குருசுக்குப்பம் வரை நடந்துவிட்டுத் திரும்பினேன். பால் காய்ச்சி, அம்மாவுக்கு மாத்திரை கொடுத்து, ஏழரைக்கு எம்.எல்.ஏ. அலுவலகத்தைத் திறந்தேன். முதியோர் பென்ஷன் நின்றுபோன இருவர் வந்தார்கள். மகனுக்கு மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் வேலை கேட்டு ஒருவர். தெருவிளக்குக்காகச் சண்டை போட ஒருவர். கல்யாணப் பத்திரிகையோடு நால்வர். பத்திரிகை வைத்த எல்லோரிடமும் "சார் கண்டிப்பா வருவார்" என்றேன். நான்கு கல்யாணமும் ஒரே முகூர்த்தத்தில் என்பது அவர்களுக்கும் தெரியும். ஒன்பது மணிக்கு சாரும் நானும் சட்டப்பேரவைக்குக் கிளம்பினோம். அன்று சுகாதாரத் துறை மானியக் கோரிக்கை.

எம்.எல்.ஏ.க்களின் உதவியாளர்களாகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். எந்த மனுவை எந்த அலுவலகத்துக்கு அனுப்புவது, எந்த அதிகாரியை எந்த நேரத்தில் பிடிப்பது என்பதெல்லாம் சில மாதங்களில் உங்களுக்கே பழகிவிடும். அதை நான் எழுத வேண்டியதில்லை. ஐம்பத்து நான்கு வயதில் விருப்ப ஓய்வு வாங்கும்வரை இந்த வேலையில் நான் பார்த்த நாட்களில், அந்த ஒரு திங்கட்கிழமையைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

சொல்வதற்கு முன் சாரிடம் அனுமதி கேட்டேன். அவர் இப்போது அரசியலில் இல்லை. "எழுதுங்க மேடம். ஆனா குப்பத்தை மாத்திடுங்க, தொழிலை மாத்திடுங்க, நோயை மாத்திடுங்க" என்றார். மூன்றையும் மாற்றியிருக்கிறேன், மாற்றியதை இன்னொரு முறையும் மாற்றியிருக்கிறேன். பெயர்களும் உண்மையல்ல. படித்து முடித்ததும் 'இது யாராக இருக்கும்' என்று உங்களில் யாராவது யோசிக்கத் தொடங்கினால், இதை நான் எழுதியது வீண்.

அந்த ஆண்டு மே மாதத்தில் ஒரு பெண் அலுவலகத்துக்கு வந்தார். ரீட்டா என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் போகும்வரை ஓரமாக உட்கார்ந்திருந்துவிட்டு, கடைசியில் என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"எம்.எல்.ஏ. சார்கிட்ட சொல்ல வெக்கமா இருக்குது. உங்ககிட்ட சொல்லலாமா?"

"சொல்லுங்க."

இரண்டு பெண் குழந்தைகள். இரண்டும் ஆபரேஷன். இப்போது மூன்றாவது தங்கிவிட்டது. உடம்பு தாங்காது என்று சுகாதார நிலையத்து டாக்டரம்மாவே சொல்லியிருக்கிறார். கலைக்க ஆஸ்பத்திரிக்குப் போனால் புருஷன் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்கிறார்கள். புருஷன் மங்களூர்ப் பக்கம், நாள்கணக்கில் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் தங்கல் போட்டில் இருக்கிறார். தீபாவளிக்குத்தான் வருவார்.

"போன்ல கேட்டுப் பார்த்தீங்களா?"

"அவர்ட்ட கேட்டா, அவர் அவங்கம்மாகிட்ட கேப்பாரு. அவங்கம்மாவுக்கு ஆம்பளப் புள்ள வேணும். எனக்கு இருக்கற ரெண்டுத்தையும் வளர்க்கறதுக்கு உசுரு வேணும் மேடம்."

நான் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பூசைக்குப் போகிறவள். இந்த விஷயத்தில் என் மனதில் இருப்பது என்னோடு இருக்கட்டும். அந்தப் பெண் என் அபிப்பிராயம் கேட்டு வரவில்லை. சட்டம் தனக்குக் கொடுத்திருப்பதை ஆஸ்பத்திரி தர மறுக்கிறது என்று சொல்ல வந்தார். வருகிறவர் எதற்கு வந்திருக்கிறார் என்பதை மட்டும் பார்ப்பது நம் வேலையின் பாதி.

சாரிடம் விஷயத்தைச் சொன்னேன். பெயரைச் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. கருக்கலைப்புச் சட்டத்தை எடுத்துவரச் சொல்லி இரண்டு முறை படித்தார். பிறகு ஆஸ்பத்திரியில் பொறுப்பில் இருந்த டாக்டரிடம் பேசினார்.

"டாக்டர், பதினெட்டு வயசு முடிஞ்சவங்க. அவங்க சம்மதம் போதும்னு இதுல இருக்கு. புருஷன் கையெழுத்து எந்தப் பிரிவுல இருக்குன்னு சொல்லுங்க, நானும் தெரிஞ்சிக்கிறேன்."

டாக்டர் சிரித்தது எனக்கும் கேட்டது. "பிரிவெல்லாம் இல்ல சார். பின்னாடி புருஷன் வந்து சண்டை போட்டா யார் அடி வாங்கறது? முன்னாடி ஒருத்தன் வந்து ரிசப்ஷன் கண்ணாடியை ஒடச்சிட்டுப் போனான்."

"இந்தத் தடவை ஒடைக்க வந்தா என் வீட்டு அட்ரஸ் குடுங்க. என் வீட்டுலயும் கண்ணாடி இருக்கு."

அந்த வாரமே வேலை முடிந்தது. கரு தானாகக் கலைந்துவிட்டது என்று ரீட்டா மாமியாரிடம் சொல்லிக்கொண்டார். எனக்குத் தெரிந்து, வெளியில் அது அவர்தான் என்று அறிந்தவர்கள் அந்த டாக்டரும் நானும் மட்டும்தான்.

சார் அதோடு விடவில்லை. ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு போனா என்று கேட்டார். எழுத்து மூலமாகக் கேள்வி அனுப்பினார். 'சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படுகிறது' என்று பதில் வந்தது. மறுபடி அனுப்பினார். அதே பதில் வேறு தேதியோடு வந்தது. கட்சிப் பெரியவர் ஒருவர் அலுவலகத்துக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார்: "தம்பி, ரோடு கேளு, வாய்க்கால் கேளு. இதைக் கேட்டா ஓட்டும் வராது, நல்ல பேரும் வராது." சார் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டு, "வாய்க்காலையும் கேப்போம் மேடம், ரெண்டையும் சேர்த்து எழுதுங்க" என்றார்.

ஆகஸ்ட் ஐந்தாம் தேதிக்கான பேச்சை நான்தான் தயார் செய்தேன். அதில் சட்டம் இருந்தது, துறை அனுப்பிய பதில்கள் இருந்தன. எந்தப் பெண்ணும் இல்லை. அவர் அதை அப்படியே படிக்கத் தொடங்கினார். நான் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்து, என் பிரதியில் வரிக்கு வரி விரல் வைத்துக்கொண்டிருந்தேன்.

எதிர்ப் பக்கத்தில், ஆளும் கட்சி உறுப்பினர் ஒருவர் எழுந்தார். "வந்துட்டாருய்யா, பிரசவ வார்டு எம்.எல்.ஏ."

சபை சிரித்தது. சார் தொடர்ந்து படித்தார். அந்த உறுப்பினர் விடவில்லை.

"தலைவரே, இதெல்லாம் பிரான்சுல பேச வேண்டியது. நம்ம ஊர்ல எந்தப் பொம்பள வந்து கேட்டா? ஒருத்தரைக் காட்டுங்க பார்ப்போம். புக்குல படிச்சிட்டு வந்து பேசறாரு."

மறுபடியும் சிரிப்பு. சார் காகிதத்தை மேசையில் வைத்தார். அவர் காகிதத்தைக் கீழே வைத்தால் நான் என் பிரதியை மூடிவிட வேண்டியதுதான். அப்போதுதான் அவர் நன்றாகப் பேசுவார்.

"ஒருத்தரைக் காட்டச் சொல்றீங்களா? என் தொகுதியில, கடலோரத்துல ஒரு அம்மா. ரெண்டு பொண்ணு, ரெண்டும் ஆபரேஷன். வீட்டுக்காரர் வெளி மாநிலத்துல போட்ல இருக்காரு. இன்னொரு தடவை பெத்தா நீ இருக்க மாட்டேன்னு டாக்டர் சொல்றாங்க. அந்தம்மா ஆஸ்பத்திரிக்குப் போனா, புருஷனைக் கூட்டிட்டு வான்றாங்க. எங்கேருந்து கூட்டிட்டு வர்றது, நடுக்கடல்லேருந்தா? புருஷன் கையெழுத்துக்கு மதிப்பு இருக்கு, அந்தம்மா உசுருக்கு இல்ல. நான் போன் பண்ண வேண்டியதா இருந்துச்சு. எம்.எல்.ஏ. போன் பண்ணாத அம்மாவெல்லாம் என்ன பண்ணுவாங்க? அதைச் சொல்லிட்டு அப்புறம் சிரிங்க."

யாரும் சிரிக்கவில்லை. சுகாதார அமைச்சர் எழுந்தார். வயது வந்த பெண்ணிடம் கணவர் கையெழுத்துக் கேட்கக் கூடாது என்று எல்லா ஆஸ்பத்திரிகளுக்கும் நாளைக்கே சுற்றறிக்கை போகும் என்று உறுதி கொடுத்தார். மேசைகள் தட்டப்பட்டன. கிண்டல் செய்தவரும் தட்டினார்.

நான் தட்டும் இடத்தில் இல்லை. இருந்திருந்தாலும் கை எழுந்திருக்காது.

லாபியில் சார் முகம் மலர்ந்து வந்தார். "எப்டி இருந்துச்சு மேடம்? நாளைக்கே போகுதாம்!"

"சார், வீட்டுக்காரர் வெளி மாநிலத்துல போட்ல இருக்கார்னு சொல்லிட்டீங்க."

"பேர் சொல்லலையே."

"நம்ம தொகுதியில கடலோரம்னா ஒரே குப்பம்தான் சார். அதுல தங்கல் போட்டுக்குப் போறவங்களை விரல் விட்டு எண்ணிடலாம். ரெண்டும் பொண்ணா இருக்கற வீடு அதுல இன்னும் கம்மி."

அவர் சுவரில் சாய்ந்துகொண்டார்.

பெயரைச் சொல்லாவிட்டால் ஆளைச் சொல்லவில்லை என்று நம்மவர்கள் எல்லோரும் நினைக்கிறார்கள். பெரிய நகரத்தில் அது சரியாக இருக்கலாம். புதுச்சேரியில் மூன்று அடையாளம் சொன்னால் போதும், நான்காவதை ஊரே சொல்லிவிடும். உங்கள் எம்.எல்.ஏ. பேசப் போகும்போது காகிதத்தைக் கீழே வைக்கிறவரா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அப்படியானவர் என்றால், நிஜமாக வந்த யாரைப் பற்றியும் அடையாளத்தோடு அவரிடம் சொல்லாதீர்கள்.

சபாநாயகரின் அறைக்குப் போனோம். அந்தப் பகுதியைச் சபைக் குறிப்பிலிருந்து நீக்க முடியுமா என்று சார் கேட்டார். சபாநாயகர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நீக்கச் சொன்னா நீக்கறேன். ஆனா எதை நீக்கினேன்னு வெளில இருக்கற நிருபருங்க கேப்பாங்க. இப்ப ஒரு நாள் செய்தி. நீக்கினா ஒரு வாரம் போகும்." சார் என்னைப் பார்த்தார். நானும் வேண்டாம் என்று தலையசைத்தேன்.

அதற்குள் எங்கள் கட்சி இளைஞர் அணிப் பையன்கள் அந்தப் பேச்சைப் பறையடியோடு வெட்டி ஒட்டி வாட்ஸ்அப்பில் விட்டிருந்தார்கள். போன் செய்து எடுக்கச் சொன்னேன்.

"ஏன்க்கா? நம்ம சார் பேச்சு இந்த அளவுக்குப் போனதே இல்லக்கா. வாய்க்கால் பேச்சை நானும் எங்கம்மாவும்தான் பார்த்தோம்."

"எடுத்துடு தம்பி. காரணம் கேக்காதே."

எடுத்தான். அதற்குள் அது போக வேண்டிய இடத்துக்குப் போயிருந்தது.

மாலை ஐந்தரைக்கு அலுவலக வாசலில் சத்தம் கேட்டது. ஒரு பெண் முன்னால் வந்தார். செல்வி என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட அவர் அண்ணன், பின்னால் குப்பத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர். செல்வியின் தலை கலைந்திருந்தது. அண்ணன் கையில் ஒரு துணிப்பை. அதில் மணல் ஒட்டியிருந்தது.

"எங்க அந்த எம்.எல்.ஏ.? கூப்புடு. என் மூஞ்சியப் பார்த்துச் சொல்லட்டும், நான் எப்ப வந்து இவருகிட்ட நின்னேன்னு."

சார் உள்ளிருந்து வந்தார். "உக்காருங்கம்மா. என்ன ஆச்சு?"

"இன்னா ஆச்சா? எனக்கு ரெண்டு பொண்ணு. என் வூட்டுக்காரர் மங்களூர் போட்ல. நான் போன மாசம் ஆஸ்பத்திரில கெடந்தேன். போதாதா? நான்தான் அந்தப் பொம்பளன்னு ஊரே முடிவு பண்ணிடுச்சி. என் மாமியார் துணிய எடுத்து மணல்ல கடாசிடுச்சி. அவரு போன்ல, 'அடுத்த ரயிலு புடிச்சி வர்றேன், நான் வர்றப்ப நீ அங்க இருக்கக் கூடாது'ன்றாரு. நான் கர்ப்பப்பையில கட்டின்னு போனவ. கட்டி! கோயில்ல முட்டி போட்டு சத்தியம் பண்றேன்னேன். எவளும் நம்பல."

"ஆஸ்பத்திரி சீட்டு இருக்கும்ல?" என்றேன்.

"காட்டினேனே. 'இங்கிலீஷ்ல எதை வேணா எழுதுவான்'னு கிழிச்சிப் போட்டுது கெழவி."

அண்ணன் சாரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "ஐயா, வேற ஒண்ணும் வேணாம். 'நான் சொன்னது இவ இல்ல'ன்னு ஒரு வார்த்தை. அவங்க வூட்டு வாசல்ல வந்து சொல்ல வேணாம், இங்கயே சொல்லுங்க போதும்."

நியாயமான கோரிக்கை. உண்மையும்கூட. சார் வாயைத் திறந்தார்.

அதே நேரத்தில் செல்வி பின்னால் திரும்பி, இடுப்பில் சின்ன மகளோடு நின்ற ஒருவரை இழுத்து முன்னால் நிறுத்தினார். "ஏன் ரீட்டா, நீ சொல்லேன். ஆஸ்பத்திரில எனக்குச் சோறு கொண்டாந்தவ நீதானே. எனக்கு இன்னா ஆபரேஷன்னு உனக்குத் தெரியாதா? வாயில இன்னா கொழுக்கட்டையா வெச்சிருக்கே?"

ரீட்டா என்னைப் பார்த்தார். அந்த அறையில் அவர்தான் அந்தப் பெண் என்று அறிந்தவள் நான் ஒருத்திதான். சார் அவரைப் பார்த்ததே இல்லை. ரீட்டா ஒரு அடி முன்னால் வந்தார். "மேடம், நான் ஒண்ணு சொல்லணும்…"

அவர் என்ன சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரியும். யோசிக்க நேரமில்லை. "கொழந்தை அழுவுது பாருங்க, வெளில கூட்டிட்டுப் போங்கம்மா. சார் எங்கிட்ட ரெண்டு நிமிஷம் பேசணும்" என்று சொல்லி சாரின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனேன். அத்தனை வருடத்தில் அவர் கையைத் தொட்டது அன்றுதான்.

"விடுங்க மேடம், அவங்க இல்லைன்னு சொல்றதுல என்ன? நெஜம்தானே."

"சார், இன்னிக்கு இவங்க இல்லைன்னு சொல்றீங்க. நாளைக்கு அதே மாதிரி ரெண்டு பொண்ணு வெச்சிருக்கற இன்னொருத்தர் அண்ணனைக் கூட்டிட்டு வருவாங்க. அவங்களும் இல்லைன்னு சொல்லுவீங்க. அடுத்து இன்னொருத்தர். கடைசியில யார் வரலையோ, அவங்கதான்னு ஆயிடும்."

அவர் உட்கார்ந்தார். "வேற தொகுதின்னு சொல்லிட்டா?"

"என் தொகுதின்னு சபையில சொன்னீங்க. மாத்தினா அந்தத் தொகுதியில போய்த் தேடுவாங்க. அங்கயும் குப்பம் இருக்கு, போட்டு இருக்கு."

"பேசாம இருந்துட்டா?"

நான் வாசல் பக்கம் பார்த்தேன். செல்வியின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது.

"அப்ப என்னதான் சொல்லச் சொல்றீங்க?"

"அப்படி ஒரு பெண்ணே இல்லைன்னு சொல்லணும் சார். பேச்சுக்காக நீங்களே சொன்ன உதாரணம்னு."

"சபையில பொய் சொன்னேன்னு?"

"ஆமா சார்."

அவர் மேசைக் கண்ணாடியில் கையை ஊன்றிக்கொண்டார். பிறகு கேட்டார்: "சுற்றறிக்கை போயிடுச்சான்னு கேளுங்க."

துறைக்குப் போன் செய்தேன். அடித்து வைத்திருக்கிறது, செயலர் காலையில் வந்து கையெழுத்துப் போட்டதும் போய்விடும் என்றார்கள். சார் இப்போது கதை என்று சொன்னால், அந்தக் கையெழுத்து விழுமா என்பது சந்தேகம். இருவருக்கும் அது புரிந்தது. ஒரு ராத்திரிதான் இடையில்.

நாளைக் காலை வரை பொறுக்கலாம் என்றேன். செல்வியை வெளியே தனியாக அழைத்து, இன்று ஒரு இரவு மட்டும் அண்ணன் வீட்டில் தங்க முடியுமா, காலையில் சார் நிச்சயம் சொல்லுவார் என்று கேட்டேன். அதுவரை கத்திக்கொண்டிருந்தவர் குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"மேடம், இன்னிக்கு ராத்திரி நான் அந்த வூட்டுல படுக்கலைன்னா, நாளைக்கு எவன் வந்து சொன்னாலும் நான் போனவதான். தப்பு பண்ணதாலதானே போனான்னு அதுக்கு ஒரு பேச்சு வரும். வெளக்கு வெக்கறதுக்கு முன்னாடி நான் உள்ள போவணும்."

உள்ளே வந்து அதை அப்படியே சாரிடம் சொன்னேன். சொல்லிவிட்டு, "இன்னொரு பக்கமும் பாருங்க சார். அந்தச் சுற்றறிக்கையால எத்தனையோ பேருக்கு…" என்று இழுத்தேன்.

"அவங்கெல்லாம் இன்னும் வரல மேடம். இவங்க வந்து வாசல்ல நிக்கிறாங்க."

எழுந்து சட்டையைச் சரி செய்துகொண்டார். கதவருகில் நின்று, "அந்தம்மா நல்லா இருக்காங்கல்ல?" என்று கேட்டார். இருக்கிறார் என்றேன். வேறெதுவும் கேட்கவில்லை.

வாசலில் நின்று, யார் முகத்தையும் பார்க்காமல், எதிர்ச் சுவரைப் பார்த்துச் சொன்னார்: "சபையில நான் சொன்ன பொம்பளை யாரும் இல்லை. எங்கிட்ட யாரும் வந்து கேக்கல. நான் எந்த ஆஸ்பத்திரிக்கும் போன் பண்ணல. ஒருத்தரைக் காட்டுன்னு அவங்க கிண்டல் பண்ணாங்க, வாயில வந்ததைச் சொல்லிட்டேன். அப்படி ஒரு பெண் இல்லை."

அண்ணன் செல்போனைத் தூக்கினார். "ஐயா, இன்னொரு தடவை. மச்சானுக்கு அனுப்பணும்."

சார் இன்னொரு தடவை சொன்னார். முதல் முறையைவிடத் தெளிவாக.

செல்வி அவர் முன்னால் வந்து நின்றார். "கதையா? நீ கைதட்டு வாங்கறதுக்கு என் வூடுதான் கெடச்சுதா? அடுத்த தடவை கதை விடறதுன்னா உன் வூட்டுப் பொம்பளையச் சொல்லி விடு." காலடியில் காறித் துப்பிவிட்டுத் திரும்பினார். சார் அசையவில்லை. பெண்கள் ஒவ்வொருவராக இறங்கிப் போனார்கள். ஒருவர் போகிற போக்கில், "பெரிய மனுசன் பேசற பேச்சா இது" என்றார்.

ரீட்டா கடைசியாக இறங்கினார். குழந்தை அவர் தோளில் தூங்கிவிட்டிருந்தது. என்னிடம் மெல்ல, "நான் சொல்லியிருக்கணும் மேடம்" என்றார்.

"வீட்டுக்குப் போங்க. உங்க மூத்த பொண்ணு காத்திருக்கும்" என்றேன்.

அவரைப் பேசவிடாமல் தடுத்தது சரியா என்று என்னைக் கேட்டால், எனக்குத் தெரியாது. தன் தோழிக்காக உண்மையைச் சொல்ல ஒருவர் துணிந்தபோது, நான் அதைக் குழந்தை அழுகிறது என்று சொல்லி மூடினேன். சொல்லியிருந்தால் செல்வி தப்பியிருப்பார், சார் தப்பியிருப்பார், சுற்றறிக்கை தப்பியிருக்கும். ரீட்டா தப்பியிருக்க மாட்டார். அவருடைய முடிவை நான் எடுத்தேன். எந்தக் காரணத்துக்காக அவர் முதல் நாள் எங்களிடம் வந்தாரோ, அதையே, அவருக்குப் பதிலாக இன்னொருவர் முடிவெடுப்பதையே, நானும் செய்தேனோ என்று பல நாள் நினைத்திருக்கிறேன். இந்தத் தொழிலில் நமக்குக் கிடைக்கும் நேரம் ஒரு மூச்சுதான். அதற்குள் எடுத்த முடிவை மீதி ஆயுள் முழுக்கத் திருப்பிப் பார்க்க வேண்டியிருக்கும். அதற்குத் தயாராக இருங்கள்.

செல்வி அன்றிரவு தன் வீட்டில்தான் படுத்தார். குப்பத்தில் தெரிந்த ஒருவரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டேன். அவர் புருஷனும் போட்டை விட்டு வரவில்லை.

சுற்றறிக்கை போகவில்லை. செல்வியின் அண்ணன் எடுத்த வீடியோ அமைச்சருக்குப் போயிருந்தது. அடுத்த கூட்டத்தில் சார் கேட்டபோது, "மாண்புமிகு உறுப்பினரின் கற்பனைக்கெல்லாம் அரசு சுற்றறிக்கை போட முடியுமா?" என்றார். சபை நெடுநேரம் சிரித்தது. சட்டம் கற்பனை இல்லையே என்று சார் சொன்னது சிரிப்பில் மூழ்கிவிட்டது. அன்றிலிருந்து அவருக்குக் 'கதாசிரியர்' என்று பெயர். அவர் வாய்க்கால் பற்றிப் பேச எழுந்தால்கூட, "இது நெஜமான வாய்க்காலா?" என்று யாராவது கேட்பார்கள். அடுத்த தேர்தலில் தோற்றார். தோற்றதற்கு வேறு காரணங்களும் இருந்தன. ஆனால் பிரச்சாரத்தில் எதிராளிகள் ஊர் ஊராகப் போட்டுக் காட்டியது அந்த வீடியோவைத்தான்.

பெண்களின் இந்த உரிமைக்காக யார் என்ன செய்தார்கள் என்று இன்று யாராவது பேரவைக் குறிப்புகளைப் புரட்டினால், சாரின் பெயருக்கு நேரே இருக்கப்போவது ஒரு வருத்தம் தெரிவிப்பு மட்டும்தான். இல்லாத பெண்ணை இருப்பதாகச் சொன்னவர் என்று. கணவர் கையெழுத்து இல்லாமல் திருப்பி அனுப்பப்பட்ட பெண்கள் அதற்குப் பிறகும் என்னிடம் வந்தார்கள். ஆஸ்பத்திரிக்கு நான் போன் செய்தால், "உங்க சார் சொன்ன மாதிரி இதுவும் கதையா மேடம்?" என்று கேட்டுவிட்டுத்தான் பேசுவார்கள். சில முறை காரியம் நடந்தது. பல முறை நடக்கவில்லை. காரியம் நடக்காதவர்கள் எங்கே போனார்கள், என்ன செய்துகொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒருவருடையது மட்டும் தெரியும். அதை எழுத மாட்டேன்.

அந்தத் திங்கட்கிழமைக்கு மறுநாள். நான் போனபோது சார் எனக்கு முன்பே வந்து அலுவலகப் படியில் உட்கார்ந்திருந்தார். முதல் வேலை, சபாநாயகருக்கு வருத்தம் தெரிவித்து எழுதுவது. கணினியைத் திறந்தேன்.

"வேணாம். பொய்யை நீங்க டைப் பண்ண வேணாம் மேடம். என் கையாலயே எழுதறேன்."

காகிதம் கொடுத்தேன். நான்கு வரி எழுதிவிட்டு நிறுத்தினார்.

"அப்படி ஒரு பெண் இல்லவே இல்லைன்னு போடட்டுமா? இல்ல, வெறுமனே இல்லைன்னு போதுமா? எது நம்பற மாதிரி இருக்கு?"

"இல்லவே இல்லைன்னா யோசிப்பாங்க சார்" என்றேன். "இல்லைன்னு மட்டும் போடுங்க."

அப்படியே எழுதி, கையெழுத்துப் போட்டு, மை காயும்வரை காத்திருந்து என்னிடம் நீட்டினார்.